உயிரோடு இருப்பவளுக்குக் கண்ணீர் அஞ்சலி

1

புதுச்சேரி மூலக்குளத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒருவர், கத்தியால் பேனர் கயிற்றை அறுக்கும் காணொளி உங்களில் பலருக்கு வந்திருக்கும். "தீவிரவாதத் தலைவன் செத்ததற்கு நம்ம ஊரிலேயே துக்கம். பலியான தமிழ்ப் பெண்ணின் படத்தைக் கிழிக்கிறான், பாருங்கள்" என்று அதன் கீழே எழுதியிருந்ததையும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்பினீர்கள். அனுப்பியவர்களில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் உண்டு. என் கல்யாணப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிய ஒருவரும் உண்டு.

காணொளியில் இருப்பவர் அனீபா பாய். அந்தப் பேனரில் இருந்தது என் மகள் ஓவியா. அவள் பலியாகவில்லை. பேனரைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கிருந்து நான்கு வீடு தள்ளி என் அக்கா வீட்டு மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிரான்சுக்குப் போவதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் புதுச்சேரியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். எது முதல் வரி, எது கடைசி வரி என்று பிரிப்பதுதான் என் வேலை. இந்தச் செய்தியின் முதல் வரி, அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது. உங்களுக்கு வந்த காணொளியில் அது மட்டும் இல்லை. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் கோபத்துக்காக எதையும் கூட்டவில்லை.

2

என் மாமனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அதனால் என் மனைவிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. அவளால் எனக்கும் வந்தது. பாரீசிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் வரும் புறநகரில் இருக்கிறோம். நான் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடிவதற்கு முன் கிளம்பிவிடுவேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் உதவியாளர். ஓவியா அங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ், சமையலறையில் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். அதில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது, யாரைப் பார்த்தாலும் "நீ"தான். பிரெஞ்சில் முன்பின் தெரியாத ஒருவரையும் அப்படிக் கூப்பிட மாட்டாள்.

அவளுக்குப் பதினாறு வயதில், எங்கள் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையில் ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். ஓவியாவின் இடுப்பில் குண்டு பாய்ந்தது. அவளோடு ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய தோழி இனெஸ் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். இனெஸின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர்கள். அவளைப் புதைத்தபோது ஓவியா ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பிறகு காகிதங்கள். பாதிக்கப்பட்டவர் என்று நிரூபிக்க ஒன்று, பாதிப்பு எவ்வளவு என்று அளக்க இன்னொன்று. ஒரு நிபுணர் அவளை அறைக்குள் நடக்கவிட்டு, இடது கால் எவ்வளவு இழுக்கிறது என்று சதவீதத்தில் எழுதினார். திரும்பி நடக்கச் சொன்னார். "இனெஸுக்கு எத்தனை சதவீதம்?" என்று ஓவியா கேட்டாள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

சுட்டவன் அன்றைக்கே போலீஸ் குண்டில் இறந்துவிட்டான். அவனை அனுப்பியது தன் இயக்கம்தான் என்று, எங்கோ ஒரு நாட்டில் பதுங்கியிருந்த தலைவன் வீடியோவில் சொன்னான். அவன் பெயரைப் போதுமான அளவு அச்சடித்துவிட்டார்கள். நானும் எழுத வேண்டியதில்லை. அவன் மேலும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் ஓவியாவும் ஒரு தரப்பு. விசாரணை நடக்கும்போது நீதிமன்றத்தில் எழுந்து பேச அவளுக்கு உரிமை உண்டு. என்ன பேசப்போகிறாள் என்று என்னிடம் சொன்னதில்லை. ஆனால் அந்த நாளுக்காகத்தான் சட்டப் படிப்பில் சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவள் பேசுவது குறைந்துபோனது. வக்கீலோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவாள்.

3

அந்தத் தலைவனைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நாங்கள் புதுச்சேரியில் இருந்தோம். அக்கா மகன் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்திருந்தோம். முதியோர் இல்லத்தில் ஆள் இல்லாததால் என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஓவியா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

காலையில் டீக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். புகை எழும் ஒரு கட்டடத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

"ஒழிஞ்சான்யா" என்றார் பால் பாத்திரத்தோடு நின்றவர்.

"இவனுக்கு முன்னாடி இருந்தவனையும் இப்பிடித்தான் கொன்னானுங்க. இன்னொருத்தன் வருவான்."

"கொன்னதுக்கு போட்டோ எங்க? எல்லாம் டிராமா."

"யோவ், பாடிய மூலக்குளத்துக்குக் கொண்டாந்து காட்டணுமா உனக்கு?"

"அத வுடுபா. தங்கம் ஏறுமா எறங்குமா, அத சொல்லு."

அனீபா பாய் உள்ளே வந்தார். பேச்சு நின்றது. எனக்கு நாலைந்து வயது மூத்தவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த முனையில் மெத்தைக் கடை இருக்கிறது. நான் பிரான்சுக்குக் கிளம்பிய வாரம், என் பெட்டிக்குள் வைக்கச் சின்ன இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று தைத்துக் கொடுத்து, "அந்த ஊரு தலவாணி கழுத்த ஒடிக்கும் தம்பி" என்றவர்.

"இன்னா பாய், லட்டு எங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"எனக்கு சக்கர இருக்குதுபா. நீ வாங்கியா, ஒண்ணு துன்றேன்."

சிரித்தார்கள். "பாய் வாங்க மாட்டாரு. மனசு கஷ்டத்துல இருக்காரு" என்றான் இன்னொருவன். அதற்கும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். முழு டீயையும் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இன்னைக்கு ஏன் இங்க வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வரலன்னா ஏன் வரலன்னு கேப்பானுங்க தம்பி. அதான் வந்தேன்."

மதியம் என் பார்சல் கூடத்தில் வேலை பார்க்கும் அல்ஜீரியக்காரர் பிரான்சிலிருந்து அழைத்தார். ரயிலில் அன்று கூட்டம் அதிகமாம். ஆனாலும் அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்ததாம். "உன் மகள் எப்படி இருக்கிறாள்?" என்றார். அன்று முழுக்க அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இங்கே மூலக்குளத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஏதோ நான் போய்க் கொன்றுவிட்டு வந்ததைப்போல.

ஓவியா மாடியறையில் இருந்தாள். வக்கீலிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. இறந்தவன் மேல் வழக்கு நடத்த முடியாது, மரணம் உறுதியானால் அவன் மீதான நடவடிக்கை முடிந்துபோகும், அவனுக்கு உதவியவர்கள் சிலர் மீது மட்டும் தொடரும் என்று எழுதியிருந்தார்.

"சந்தோஷமா இருக்கா அப்பா, ஒனக்கு?"

"தெரியல" என்றேன்.

"கீழ வெடி வெடிக்கிறாங்க. எனக்கு அந்தச் சத்தம் வாணாம்."

கீழே போய்ச் சொன்னேன். சரி சார் என்றார்கள். அடுத்த தெருவில் போய் வெடித்தார்கள்.

4

வெடித்தவர்கள் ஏழுமலையின் ஆட்கள். ஏழுமலை ஒரு நண்பர்கள் குழுவின் தலைவர். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத உள்ளாட்சித் தேர்தலுக்கு எப்போதும் தயாராக இருப்பவர். நம் ஊரில் காது குத்தினாலும் பேனர், கார் வாங்கினாலும் பேனர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீவிரவாதி செத்ததற்கும் அன்றிரவே ஒன்று வைத்தார்கள்.

ஒரு மூலையில் துப்பாக்கி ஏந்திய வீரன். கீழே ஏழுமலையும் அவருடைய ஆட்களும், கைகூப்பியும் கைபேசியில் பேசியும் வரிசையாக. நடுவில் பதினாறு வயது ஓவியா. அவளைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் மேகம். "பயங்கரவாதத்துக்குப் பலியான புதுவையின் வீரமங்கைக்குக் கண்ணீர் அஞ்சலி."

இந்தத் தவறு எங்கே பிறந்தது என்று பிறகு தேடிக் கண்டுபிடித்தேன். சந்தையில் சுட்ட மறுநாள், உள்ளூர் மாலைப் பத்திரிகை ஒன்று "புதுச்சேரி மாணவி பலி" என்று அவள் படத்தோடு முதல் பக்கத்தில் போட்டிருந்தது. நான் தொலைபேசியில் சத்தம் போட்டபின் உள்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, ஒரு திருத்தம் வந்தது. முதல் பக்கம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. திருத்தம் இல்லை. பேனர் அடிக்கும் கடைக்காரர் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார். நான்கு வீடு தள்ளி ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கொன்ற செய்தி வந்த அன்று மாலை என் கையைக் குலுக்கிய ஏழுமலைக்கும் தோன்றவில்லை. இறந்துபோன மகளின் தகப்பன் என்று நினைத்தா குலுக்கினார்? அப்படியானால் ஏன் சிரித்தார்?

மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்து வரும்போது அனீபா பாய் அதைப் பார்த்திருக்கிறார். ஏழுமலைக்கு மூன்று முறை போன் அடித்திருக்கிறார். எடுக்கவில்லை. அவருடைய கைபேசியில் அந்த அழைப்புகளை நான் என் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகுதான் கடையைத் திறந்து, மெத்தை உறை அறுக்கும் கத்தியை எடுத்துப் போய்க் கயிற்றை அறுத்தார். பேனரைக் கிழிக்கவில்லை. அறுத்து இறக்கி, கோரைப்பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உயிரோட இருக்கிற புள்ளைக்கு வெளக்கு வெச்சிருக்கானுங்க தம்பி. பாப்பா பாக்குறதுக்கு முன்னாடி உள்ள எங்கனா போடு."

போடுவதற்குள் ஓவியா இறங்கி வந்துவிட்டாள். அவளே கூடத்தில் விரித்தாள். அது சுவருக்குச் சுவர் போயிற்று. முதலில் சிரித்தாள். "பாய் மாமா, நான் எவ்ளோ அழகா செத்திருக்கேன் பாரு" என்றாள். பிறகு அதன் ஓரத்தில் உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இனெஸ் எங்க?" என்றாள். "செத்தது அவதான?"

5

எதிர்க்கடை வாசலிலிருந்து யாரோ கைபேசியில் பிடித்த காட்சி, காலைப் பலகாரம் முடிவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மெத்தைக் கடை முன் கூட்டம் சேர்ந்தது. ஒருவன் பஞ்சு மூட்டையை எட்டி உதைத்தான். போலீஸ் வந்து, கூட்டத்தைக் கலைக்காமல் பாயை ஏற்றிக்கொண்டு போனது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள்.

நானும் ஓவியாவும் காவல் நிலையம் போனோம். பாயை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். செருப்பு இல்லை. சட்டைப் பையில் இன்னும் அந்தக் கத்தியின் தோலுறை இருந்தது, கத்தி மேசை மேல் இருந்தது.

உதவி ஆய்வாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேனரில் இருப்பது என் மகள், இதோ நிற்கிறாள், இறந்ததாகத் தவறாக அடித்துவிட்டார்கள் என்றேன்.

அவர் ஓவியாவைப் பார்த்தார். கைபேசியில் பேனரைப் பார்த்தார். "போட்டோல சின்னப் பொண்ணா இருக்கே சார்."

"நாலு வருஷத்துக்கு முந்தின படம்."

"பாஸ்போர்ட்டு?"

கொடுத்தேன். புரட்டினார். "பிரான்ஸ்காரங்க வருஷா வருஷம் பென்ஷனுக்கு ஒண்ணு குடுப்பீங்களே, லைஃப் சர்டிபிகேட்டு. அது மாதிரி ஒண்ணு இருந்தா ஃபைலுக்கு நல்லா இருக்கும்."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. என் மாமனாரும், உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் அந்தச் சான்றிதழுக்காக வருடா வருடம் வரிசையில் நின்றவர்தான். ஆனால் அவருக்கு யாரும் முதலில் மாலை போட்டுவிட்டு அதைக் கேட்கவில்லை.

ஏழுமலை நாலு பேரோடு வந்தார். ஓவியாவைப் பார்த்ததும் ஒரு கணம் அவர் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். சங்கடம் என்று அதைச் சொல்ல மாட்டேன். கையிலிருந்த ஏதோ ஒன்று போய்விட்டவரின் முகம் அது. சீக்கிரமே சமாளித்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சுண்ணே! பாப்பா உயிரோட இருக்குது. சாயங்காலம் கூட்டத்துல மேடையேத்தி சால்வை போட்டுடலாம். பாயி ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டு வீடியோ குடுக்கட்டும். பிரச்சன முடிஞ்சுது."

"எதுக்கு மன்னிப்பு?"

"பேனர் எங்க பேர்ல இருக்குதுண்ணே. பசங்க சூடா இருக்கானுங்க. தப்பா அடிச்சது கடக்காரன். ஆனா எங்களக் கேக்காம அறுத்தது பாயிதான?"

"மூணு தடவ போன் பண்ணாரு."

"தூங்கிட்டு இருந்தேன்ணே."

பெஞ்சிலிருந்து அனீபா பாய் என்னைக் கூப்பிட்டார். "மன்னிப்புதான தம்பி? கேட்டுட்டுப் போறேன். கடையில பஞ்சு தெருவுல கெடக்குது."

"நீங்க கேக்கக் கூடாது."

"நீ பொட்டி கட்டிட்டுப் போயிடுவ. நான் இவனுங்க முன்னாடிதான கட தொறக்கணும்?"

ஏழுமலையின் ஆள் ஒருவன் பாயின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்தான். பாய் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

ஓவியா நடுவில் போய் நின்றாள். சந்தைக்குப் பிறகு தன்னைப் படம் எடுக்க யாரையும் அவள் விட்டதில்லை. அக்கா மகன் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் இல்லை.

"என்னை எடு" என்றாள்.

அவன் தயங்கினான்.

"எடு! நான்தான் அந்த போட்டோ. நான் சாகல. இந்த மாமா என் சாவ எறக்கி வெச்சாரு. அதுக்கு அவரு ஏன் மன்னிப்பு கேக்கணும்? அவரு கேட்டா, நான் உயிரோட இருக்கிறதுக்கு நான் ஒங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்." ஏழுமலை பக்கம் திரும்பினாள். "அந்த சந்தையில செத்தது என் ஃப்ரெண்டு, இனெஸ். முஸ்லிம் பொண்ணு. அவ போட்டோ நான் தரேன். வெளக்கு வெச்சி, மால போட்டு, பேனர் கட்டு. கட்டுவியா நீ?"

உதவி ஆய்வாளர், "எம்மா, பெரியவங்கள நீ வான்னுலாம் பேசாத" என்றார்.

அந்த அறையில் அவள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது ஒன்றுதான். ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் பிடித்தவன் எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை.

6

மதியம் பாயை அனுப்பிவிட்டார்கள். இரு தரப்பும் சமாதானம் என்று எழுதிப் பாயிடம் கையெழுத்து வாங்கினார்கள். எந்த இரண்டு தரப்பு என்று நான் கேட்டேன். அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார் என்றார்கள்.

ஓவியா பேசிய காணொளியும் வெளியே வந்தது. அதை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? என் பள்ளி நண்பர்கள் குழுவில் நானே போட்டேன். ஒருவர் கைதட்டும் படம் அனுப்பினார். ஒருவர், இருந்தாலும் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என்று எழுதினார். அதற்குக் கீழே யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டார்கள். பேச்சு அங்கே போய்விட்டது. முதல் காணொளியை அனுப்பியவர்களில் ஒருவர்கூட அதை அழிக்கவில்லை. செய்தி அச்சில் வந்த காலத்தில், ராசிபலனுக்குக் கீழேயாவது ஒரு திருத்தம் வரும்.

மாலையில் கடைக்குப் போனோம். பாயும் அவர் மனைவியும் தெருவிலிருந்த பஞ்சைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மண் கலந்த பஞ்சு எதற்கும் ஆகாது. இருந்தாலும் அள்ளினார்கள், யாரும் கொளுத்திவிடக் கூடாதே என்று. ஓவியாவும் காலை மடக்க முடியாமல் குனிந்து அள்ளினாள்.

"பாப்பா இன்னைக்கு என்னக் காப்பாத்திச்சு" என்றார் பாய். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணு கேக்குறேன் தம்பி. அந்த பேனர்ல இருந்த புள்ள நெஜமாவே செத்திருந்தா, எனக்கு யாரு வந்து சாட்சி சொல்லியிருப்பாங்க?"

வேகமாகச் சொன்னதால் ஓவியாவுக்குப் பாதிதான் புரிந்தது. நடந்து வரும்போது கேட்டாள். பிரெஞ்சில் சொன்னேன்.

மறுநாள் அவளே காவல் நிலையம் போனாள். நானும் கூடப் போனேன், மொழிபெயர்க்க மட்டும். தன் படத்தை அனுமதியில்லாமல் இறந்தவளாகக் காட்டியவர்கள் மேலும், பாயைப் பற்றிப் பொய்யாக எழுதிப் பரப்பியவர்கள் மேலும் புகார் கொடுத்தாள். நேற்றுதான் சமாதானம் ஆகிவிட்டதே என்றார் உதவி ஆய்வாளர். அது மாமாவின் கையெழுத்து, என்னுடையது இல்லை என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

"எம்மா, நீ இன்னும் ரெண்டு நாள்ல ஃப்ளைட் ஏறிடுவ. அப்புறம் இந்த கேஸ யாரு பாப்பாங்க? கோர்ட்டுக்கு யாரு வருவாங்க?"

"நான் போகல" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதட்டினேன். படிப்பு, பரீட்சை, அம்மா என்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஊரில் புகார்கள் எப்படிச் செத்துப்போகும் என்று பத்திரிகைக்காரனாக எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

இதை எழுதும்போது நான் புறநகர் வீட்டில் இருக்கிறேன். அவள் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். முதல் தகவல் அறிக்கை இன்னும் பதிவாகவில்லை. போகிறாள், பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள், திங்கட்கிழமை வா என்கிறார்கள், திங்கட்கிழமையும் போகிறாள். இப்போது உதவி ஆய்வாளரை "நீங்க" என்கிறாளாம். ஏழுமலை இரண்டு முறை வீட்டுக்கு வந்து, பாப்பா என்று கூப்பிட்டுப் பேசிப் பார்த்திருக்கிறார். அனீபா பாய்கூட வாணாம் என்றுதான் சொல்கிறாராம். ஆனால் அவள் காவல் நிலையம் போகும் நாட்களில் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போய், வாசல் மரத்தடியில் நிற்கிறாராம்.

நேற்று அழைத்தபோது, டிக்கெட் போடட்டுமா என்று மறுபடியும் கேட்டேன். அங்கே வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை, மற்றவர்கள் மீதான விசாரணைக்காவது வர வேண்டாமா என்றேன்.

"வருவேன் அப்பா. ஆனா அங்க நான் கேள்வி கேக்க வேண்டியவனக் கொன்னுட்டாங்க" என்றாள். "இங்க எல்லாரும் உயிரோட இருக்காங்க."